திரைக்குப் பின்னால் ஆம்ப் இல்லை

நீங்கள் சொன்னது பொய். அம்பத்தூர் மண்டப மேடையில் அன்று கேட்ட கிட்டார் நான் வாசித்தது. முன்பே பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டு நான் கையை ஆட்டவில்லை. நீங்கள் அந்த இசைக்குழுப் போட்டியின் நடுவர். முதல் வரிசையில், என் கையிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் சென்னை இசைக்குழுக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் குரல் பதிவு போட்டீர்கள்.

"மேடையில ஆம்ப் கிடையாது. நானே பார்த்தேன். ஆம்ப் இல்லாம மெட்டல் டோன் வராது. அந்தப் பொண்ணு டிராக் போட்டு ஏமாத்தியிருக்கு."

படிக்கிற மற்றவர்களுக்காக: ஆம்ப் என்றால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. அன்று நானும் ஒரு பொய் சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இதனால் என்ன போகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆண்டுக் கடைசியில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி. அதில் வாசிக்க எங்கள் குழு பட்டியலில் இருந்தது. நாங்கள் மூன்று பேர். நான் கிட்டார். டிரம்ஸ் வாசிப்பவன் பட்டாபிராம்காரன், அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஐடி கம்பெனியில் இருக்கிறார். ஆறு வருடமாக மெட்டல் வாசிக்கிறோம், ராக் இசையிலேயே கடுமையான வகை. உங்கள் குரல் பதிவு வந்த அன்று மதியமே ஏற்பாட்டாளர் போன் செய்தார். "இது கிளியர் ஆகட்டும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார். யார் கிளியர் செய்வது என்று அவர் சொல்லவில்லை. பட்டியல் இந்த மாதக் கடைசியில் முடிவாகிறது.

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா பாதி மாதம் இரவு ஷிஃப்ட் போய்விட்டுப் பகலில் தூங்குவார். அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எங்கள் வீட்டில் எண்ணலாம், அப்படிப்பட்ட சுவர். அந்த வீட்டில் ஆம்ப் வைத்து எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பேன். வெளியில் இருப்பவர்களுக்குக் கம்பியைச் சுண்டும் சின்னச் சத்தம் மட்டும் கேட்கும். அம்மா ஒருநாள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, டிக்கு டிக்குனுதான் சத்தம் வருது. அதுக்கு எதுக்கு மூஞ்சிய அவ்ளோ கோவமா வெச்சிக்கிற?"

அவளுக்குக் கேட்காதது எனக்குக் கேட்டது. கேட்க வைத்தது பெடல். காலால் மிதித்தால் இயங்கும் சின்ன இரும்புப் பெட்டி, டிபன் பாக்ஸைவிடச் சின்னது. கிட்டாரின் சத்தத்தை உடைத்து, கரகரப்பாக்கி அனுப்பும். பெரிய ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்தால் வருகிற உறுமலைப் பெட்டிக்குள் செய்து தரும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்கி வந்து ஹெட்போனில் கேட்டேன். உறுமல் இல்லை. டைல்ஸ் வெட்டுகிற சத்தம். காதுக்குள் ஈ புகுந்த மாதிரி இருந்தது.

ஏன் என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. சொல்லித் தர ஆளில்லை. அதற்குள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உதிரிபாகங்களின் அளவு சரியா என்று சோதிக்கும் பிரிவு. மெஷின் ஷாப்பில் இரும்பு அறுக்கும்போது பல் கூசும். எங்கள் சோதனை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினால் அந்தக் கீச்சு போய்விடும், அடிச்சத்தம் மட்டும் நெஞ்சில் மோதும். ஒருநாள் கையில் போல்ட்டோடு அந்தக் கதவைத் திறந்தேன், மூடினேன். திரும்பத் திறந்தேன், மூடினேன். சூப்பர்வைசர் "கீல் ரிப்பேரா?" என்று கேட்டார். அப்போதுதான் பிடிபட்டது. ஆம்பில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் அந்தக் கதவு. கீச்சை அதுவே தின்றுவிடுகிறது. என்னிடம் ஸ்பீக்கர் இல்லை, அதனால் கீச்சு அப்படியே வருகிறது. ஈக்வலைசர் பெடல் ஒன்றைக் கடைசியில் சேர்த்தேன். மேல் சத்தத்தை அடியோடு இறக்கினேன். நடுச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கினேன். அன்று சாயங்காலம் ஹெட்போனில் கேட்டதும் அழுதுவிட்டேன்.

அடிச்சத்தம் இன்னும் கொழகொழவென்று இருந்தது. அதை இறுக்க, டிஸ்டார்ஷன் என்கிற அந்த முதல் பெடலுக்கு முன்னால் ஓவர்டிரைவ் என்கிற இன்னொரு பெடல், அதன் கரகரப்பைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் வைத்து, அளவை மட்டும் முழுசாகத் திருப்பி. வாசிக்காத நேரத்தில் வருகிற இரைச்சலை அடைக்க கேட் என்கிற பெடல். ஆக மொத்தம் நாலு. ஒரு பிளைவுட் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது திருமுல்லைவாயிலில் வாடகை ஃபிளாட். கீழே ஹவுஸ் ஓனர். இன்றும் ஹெட்போன்தான். என் டோன் முழுக்க அந்தப் பலகையில் இருக்கிறது.

அதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆம்ப் வைத்திருப்பவர்கள் பெடல்காரர்களைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். "பெடலா? கொசு மிஷின்" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். வெட்கமாக இருக்கும். இந்த வெட்கம்தான் அன்று என்னைக் கெடுத்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. கல்யாண மண்டபம். மைக் செட் போட்டவர் பட்டாபிராம் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் செய்கிறவர். நான் பலகையைக் கொண்டுபோய் வைத்து, ஒயரை, எல்லாச் சத்தத்தையும் சேர்த்து ஏற்றி இறக்கும் அவருடைய மிக்சரில் நேராகச் செருகச் சொன்னேன்.

"இன்னாம்மா இது, ஆம்ப் எங்க கீது?"

"இதாண்ணா எல்லாம். நேரா உங்க மிக்சருக்குத்தான்."

"சரி, நமக்கு இன்னா. ஸ்பீக்கர் கிழியாம இருந்தா சரி."

செருகியதும் மண்டபம் முழுக்க 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். எர்த் சரியில்லை. என் கேட் பெடல் வீட்டு இரைச்சலுக்குப் பழகியது. இந்த இரைச்சலை அடைக்கும் அளவுக்கு அதை இறுக்கினால் நான் வாசிப்பதையும் சேர்த்து விழுங்கிவிடும். முதல் குழு மேடையேற இருபது நிமிடம் இருந்தது. நாங்கள் மூன்றாவது.

அவர் பதறவில்லை. ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனார். மண்ணில் அடித்து இறக்கினார். சமையல்கட்டில் இருந்து இரண்டு கை கல்லுப்பு வாங்கி வந்து கம்பியைச் சுற்றிப் போட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். ஈர மண்ணில்தான் எர்த் பிடிக்குமாம். எங்கள் டிரம்ஸ்காரன் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"யக்கா, உன் கிட்டாருக்குக் கும்பாபிஷேகம் நடக்குது, வந்து தீர்த்தம் வாங்கிக்கோ."

"வாய மூடுறா."

"அண்ணாத்தே, யக்கா டென்ஷன்ல கீது. அது தலைலயும் ஒரு சொம்பு ஊத்து."

இரைச்சல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மீதியை கேட் பார்த்துக்கொள்ளும். அடுத்த சண்டை எக்கோவுக்கு. அவர் எதைப் போட்டாலும் எக்கோ சேர்ப்பார். எடுக்கச் சொன்னேன்.

"எக்கோ இல்லாங்காட்டி மொட்டையா கேக்கும்மா."

"மொட்டையாதாண்ணா வேணும். நிறுத்தின இடத்துல டக்குனு நிக்கணும்."

"இன்னா பாட்டோ போ" என்று சொல்லிக்கொண்டே எடுத்தார்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். மேடையைச் சுற்றிப் பார்த்தீர்கள். வீட்டில் இரண்டு பெரிய ஆம்ப் வைத்திருப்பவர் நீங்கள், ஊருக்கே தெரியும். முதலில் என்னிடம் "பாடுறது நீங்களாம்மா?" என்று கேட்டீர்கள். கிட்டார் என்றேன். "ஆம்ப் எங்க வெச்சிருக்கீங்க?" என்றீர்கள்.

பெடல்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். காலடியில் பலகை இருக்கிறது, காட்டியிருந்தால் முடிந்தது. கொசு மிஷின் என்று நீங்களும் சிரிப்பீர்கள் என்று பயந்தேன். "திரைக்குப் பின்னாடி இருக்கு சார்" என்றேன்.

நான் சொன்ன பொய் இதுதான். பயத்தில் சொன்னேன்.

நாங்கள் வாசித்தோம். முதல் பாட்டின் ஆரம்பத்தில் நாலு அடி, அப்புறம் சுத்தமான நிசப்தம், மறுபடி நாலு அடி. அந்த நிசப்தத்தைக் கொடுத்தது கேட். கத்தியால் வெட்டிய மாதிரி சத்தம் நின்றது. கூட்டம் முதலில் முழித்தது, அப்புறம் கத்தியது. இரண்டாம் பாட்டில் என் சுண்டு விரல் வழுக்கி ஒரு தப்பு சுரம் மண்டபம் முழுக்கக் கேட்டது. எனக்கு உயிரே போனது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இறங்கினேன்.

நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் பக்கவாட்டில் எழுந்து போய்த் திரையைத் தூக்கிப் பார்த்தீர்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் பிறகு சொன்னார். பின்னால் இருந்தது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் அவருடைய சாப்பாட்டுப் பையும். மிக்சர் பக்கத்தில் ஒரு லேப்டாப் இருந்தது. குழுக்களுக்கு நடுவில் சினிமாப் பாட்டு போடுவதற்காக வைத்திருந்தது. ஆம்ப் இல்லை, லேப்டாப் இருக்கிறது, கிட்டார் மிஷின் மாதிரி நின்று நின்று வருகிறது, இந்தப் பெண் வேறு பொய் சொல்லியிருக்கிறாள். நீங்கள் சந்தேகப்பட்டது நியாயம். அதுவரை உங்கள் மேல் தப்பே இல்லை.

ஆனால் என்னைக் கேட்கவில்லை. மிக்சரில் நின்றவரைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, காலையில் எல்லாருக்கும் சொன்னீர்கள்.

நான் அதை ஆவடி லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு கேட்டேன். அம்பத்தூரில் இறங்க மறந்தேன். அன்று வேலையில் ஒரே போல்ட்டை மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் வேறு வேறு அளவு வந்தது. மதியம் டிரம்ஸ்காரனின் தங்கை போனில் எடுத்த வீடியோவைக் கழிவறையில் நின்று பார்த்தேன். அந்த நிசப்தம் வரும் இடத்தில் எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது, இதை நான்தான் வாசித்தேனா என்று. உங்கள் குரல் பதிவால் விளைந்ததில் என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் பலகையைத் தொடவில்லை. தொட்டபோது, ஹெட்போனில் கேட்பது உண்மையா, நானே எனக்குச் சொல்லிக்கொள்வதா என்று தெரியாமல் கை நின்றது.

ஐடி நண்பர் "விட்டுடலாங்க, பேசப் பேசப் பெருசாகும்" என்றார். டிரம்ஸ்காரன் உங்கள் வீட்டு வாசலுக்கே போகலாம் என்றான். நான் சவுண்ட் சர்வீஸ்காரரைத் தேடிப் போனேன். பட்டாபிராமில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஏணியில் இருந்து இறங்காமலே சிரித்தார்.

"டிராக்கா? உன் ஒயரு என் மூணாம் நம்பர்ல வந்துச்சு. நான் அத்த இறக்குனா நீ இல்ல, ஏத்துனா நீ கீற. இதுல இன்னா டிராக்கு?"

"இத நீங்க எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?"

ஒயரை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"யாராவது கேட்டா சொல்வேன்மா. நானா போயி பேசுனா நாளைக்கு எவன் என்னக் கூப்புடுவான்? அவரு கேக்கட்டும். கேட்டாருன்னா எங்க வேணா வந்து சொல்றேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைப் போலத்தான் அவரும், பயம்.

ஆகவே கேட்கிறேன். சுண்டு விரல் வழுக்கிய அந்தத் தப்பு சுரம் வீடியோவில் இருக்கிறது. எந்த டிராக்குக்கு விரல் வழுக்கும்? அது போதாது என்றால் ஒரு பகல் நேரம் ஒதுக்குங்கள். எந்த மண்டபம், எந்த மிக்சர் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் பலகையைக் கொண்டுவருகிறேன். என்ன வாசிக்க வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் காலால் என் டிஸ்டார்ஷன் பெடலை அணையுங்கள். டிராக் என்றால் சத்தம் மாறாது. மாறினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நம்பரை இறக்கியும் ஏற்றியும் காட்ட அவரும் வருவார், நீங்கள் கூப்பிட்டால்.

என் பொய்யை நான் இங்கே ஒப்புக்கொண்டுவிட்டேன், உங்கள் முன்னால் மட்டும் இல்லை, இந்தக் கடிதத்தைப் படிக்கிற எல்லார் முன்னாலும். எனக்குத் தனியாகப் போன் செய்து "தப்பா நெனச்சுக்காதம்மா" என்று சொல்லாதீர்கள். எடுக்க மாட்டேன். எந்தக் குழுவில் சொன்னீர்களோ அதே குழுவில், அதே குரலில், எல்லாரும் கேட்கும்படி, பட்டியல் முடிவாவதற்கு முன்னால் சொல்லுங்கள். அன்று கிட்டார் வாசித்தது நானா, இல்லையா?