முட்டைக்கோசுக்குப் போன உரம்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஆனாலும் மலேசியாவில் எங்கள் கேமரன் மலையில் எந்தத் தேயிலைச் சரிவையும் தூரத்தில் நின்று பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவேன். உரமூட்டை சுமக்கும் ஆளாக நுழைந்து கங்காணியானவன் நான். யாரும் கை தூக்கி விடவில்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

என் சரிவைக் கோயில் தரை என்பார்கள். செடிகளைக் கவ்வாத்து வெட்டினால், விழுந்த குச்சி, இலை எல்லாவற்றையும் அன்றைக்கே கட்டி விறகுக்கு அனுப்பிவிடுவேன். புல் தலை காட்டினால் சுரண்டச் சொல்வேன். பக்கத்துச் சரிவுக் கங்காணி வெட்டிய குப்பையை அப்படியே போட்டுவிட்டுப் போவார். சோம்பேறி என்று அவரை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஆண்டுக் கடைசி மழை பிடிப்பதற்குள் எல்லோரையும் முந்திவிட வேண்டும் என்று, உரம் முழுவதையும் ஒரே வீச்சில் வீசி முடித்தேன். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. நாள் போகப் போக என் செடிகள் மஞ்சளடித்தன. கொழுந்து எழும்பவில்லை.

புதிதாக வந்திருந்த மேனேஜர் ஈப்போக்காரர், படித்த தமிழர். ஒரு காலையில் சரிவில் வந்து நின்றார்.

"கங்காணி, உரம் போட்டது உண்மைதானா?"

"என்ன தொரை இப்படிக் கேக்குறீங்க? நானே நின்னு போட வச்சேன்."

"அப்ப எங்க போச்சு? பிரிஞ்சாங் பக்கம் காய்கறித் தோட்டத்துக்காரங்க மூட்டையோட வாங்கிக்குவாங்களாமே."

கொழுந்து பறிக்கும் பெண்கள் பத்துப் பேர் காதில் விழும்படி கேட்டார். திருடன் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். "இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லுங்க. இல்லைன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினார்.

அன்று மத்தியானம் மழை கொட்டியது. குடையைக்கூட எடுக்காமல் சரிவில் நின்றேன். பால் ஊற்றிய தேத்தண்ணி போலத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. அது போகும் வழியிலேயே நானும் இறங்கினேன். வடிகால் வழியாக ஓடி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளின் பின்னால் என் கொழுந்தியாளின் காய்கறிப் பாத்தியில் போய்ப் பரவியது. அங்கே ஒவ்வொரு முட்டைக்கோசும் ஒரு தலையணை அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

"பாருங்க மாமா! ஒரு பிடி உரம் வாங்குனதில்ல. எல்லாம் என் கைராசி" என்றாள்.

மழையிலேயே சிரித்தேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் பயந்துபோனாள். நேரே ஓபிசுக்கு ஓடி மேனேஜரைக் கூட்டிவந்தேன்.

அவர் பாத்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இதுக்கு என்ன உரம் போட்டீங்க?"

"ஐயோ தொரை, ஒரு குருணைகூட நான் எடுக்கல! மாரியம்மா மேல சத்தியம்! மாமா, வாயத் தொறங்களேன், பல்ல காட்டிக்கிட்டு நிக்கிறீங்க!"

"நீ எடுக்கல புள்ள. நான்தான் மழைத் தண்ணியில அனுப்பி வச்சிருக்கேன்."

மேனேஜர் வடிகாலைப் பிடித்தபடியே மேலே ஏறினார். உச்சியில் நின்று கேட்டார்: "அப்ப பக்கத்துச் சரிவு மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு? அங்கயும் இதே மழைதானே?"

போய்ப் பார்த்தோம். சோம்பேறி என்று நான் கேலி செய்த மனிதரின் சரிவில் குப்பையைக் கிளறினால் அடியில் மண் கறுப்பாக, மெத்தென்று அப்படியே இருந்தது. என் தரையோ வழுவழுவென்று கிடந்தது. நான் பெருக்கிய பெருக்கில் உரம் நிற்க இடமே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளவும் தைரியம் வேண்டும். எனக்கு அது உண்டு.

"அடுத்த மழைக்காலம் வரைக்கும் பொறுக்குறேன்" என்றார் மேனேஜர்.

அன்றிலிருந்து கவ்வாத்துக் குப்பை சரிவை விட்டு வெளியே போகவில்லை. செடி வரிசைகளுக்கு நடுவில், சரிவுக்குக் குறுக்கே, ஓடும் மண்ணைப் பிடிக்கக் குழிகள் வெட்டினேன். ஓரத்தில் செராய் எனும் எலுமிச்சைப் புல் நட்டேன். உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, வானம் தெளிந்த நாளில், செடியின் மேட்டுப் பக்கம் மண்ணைப் பிறை போலக் கீறி, போட்டு மூடவைத்தேன். வானம் கறுத்தால் மூட்டையைத் தொடவே விடமாட்டேன்.

பக்கத்துக் கங்காணி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, கோயில இழுத்துப் பூட்டியாச்சா?"

"உங்க சோம்பேறித்தனத்த ஒழுங்கா செஞ்சு பாக்கறேன்லா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த மழைக்காலம் வந்தது. குழிகள் நிரம்பின; வடிகாலில் தெளிந்த தண்ணீர் போனது. செடிகள் கரும்பச்சையாகக் கொழுந்து விட்டன. கொழுந்தியாள் மட்டும் கீழிருந்து கத்தினாள்: "மாமா, என் முட்டைக்கோஸ் எல்லாம் டென்னிஸ் பந்து மாதிரி நிக்குது! நல்லா இருப்பீங்களா?" குழியில் படிந்த மண்ணில் இரண்டு கூடை கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

மேனேஜர் வந்து, குப்பையை விலக்கி, மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். அதே பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"கங்காணி, அன்னிக்கு நான் கேட்டது தப்பு. மன்னிச்சுக்குங்க."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தொரை. மேல் வரிசையில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

கூடைகள் குலுங்கக் குலுங்கப் பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, மலை கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.