கரோலினாவில் எதிர்க்காற்று

வெட்டி விழுந்த முடியில் ஒரு சிட்டிகை எடுத்து, மேசை விசிறிக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, விரல்களை விரிக்கிறார் எலிஹியோ. முடி பறந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் ஒட்டுகிறது.

"பாத்தியா? பந்தும் இப்படித்தான் திரும்பி வந்திருக்கும். பையன் அடிச்சது சரியான அடி. வேலி தாண்ட வேண்டியது. எதிர்க்காத்து புடிச்சுக் கீழ தள்ளிருச்சு."

மூக்கில் முடி ஒட்டியவர் தும்மிவிட்டு, "ஆமா மாஸ்டர், காத்துதான்" என்கிறார். போர்த்திய துணிக்குள் அவர் கையில் கைபேசி இருக்கிறது. நேற்றைய ஆட்டத்தின் முடிவை அதில் அவர் காலையிலேயே பார்த்துவிட்டார். அன்யேலோ நான்கு முறை மட்டை பிடித்தான். அடி ஒன்றும் இல்லை. காற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

அன்யேலோ எலிஹியோவின் ஒரே மகன். அமெரிக்காவில், கரோலினாவில், 'ஆற்று நாரைகள்' என்ற பேஸ்பால் அணிக்கு ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது உள்மைதானத்தில் நின்று பந்தைத் தடுத்துப் பிடிப்பவனாக, ஆடுகிறான். பெரிய லீக்குக்கு ஏறிப்போகும் படிக்கட்டில் அந்த அணி ஒரு கீழ்ப்படி. அந்தப் படியில் அவன் நிற்பது இது நான்காவது வருடம். எலிஹியோ கரோலினாவைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரான கொன்சுவேலோவைத் தாண்டி அவர் போன தூரம் தலைநகரம் வரைக்கும்தான். அதுவும் மகனுக்கு விசா வாங்க. ஆனால் கரோலினாவின் வானிலையை அவரைப்போல் அறிந்தவர் டொமினிகன் மண்ணிலேயே கிடையாது. அவர் சொல்படி, அங்கே காற்று எப்போதும் மைதானத்துக்குள் நோக்கியே வீசுகிறது. அன்யேலோ மட்டையோடு வந்து நின்றால் வலுக்கிறது. அவன் போய் உட்கார்ந்ததும் அடங்கிவிடுகிறது.

கடை சர்க்கரை ஆலையின் மதிலை ஒட்டியது. இரண்டு நாற்காலிகள். ஒன்று ஏறாது, இறங்காது. அதில் காத்திருப்பவர்கள் உட்காருவார்கள். பெண்ணான நான் அங்கே போவது முடி வெட்ட இல்லை, கைபேசிக்கு மின்சாரம் ஏற்ற. தெருவில் மின்சாரம் போனாலும் எலிஹியோவின் இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், முடிவெட்டும் மெஷின் ஓடும். விசிறியை மட்டும் அது இழுக்காது. கப்பல் சமையலறைகளிலும் வேறு பல ஊர்களிலும் சில வருடங்கள் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்ததால், அவர் எனக்கு வைத்த பெயர் ஊர்சுத்தி.

"ஏய் ஊர்சுத்தி, நீ கரோலினா வழியா போயிருக்கதானே? இந்த பைக்காரன் கீகோ நம்ப மாட்டேங்குறான். சொல்லு, அங்க காத்து எப்படி?"

கரோலினாவை நான் பேருந்தில் கடந்திருக்கிறேன், தூங்கிக்கொண்டே. "பலமா அடிக்கும் மாமா" என்றேன். அன்றிலிருந்து அந்தக் கடையின் ஒரே சாட்சி நான்தான்.

ஆட்டங்கள் ராத்திரி முடிவதால், முடிவு வாசிப்பது காலையில். சின்னக் கோப்பையில் கறுப்புக் காப்பியைக் குடித்து முடித்து, கண்ணாடியை மாட்டி, கைபேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பல அணிகளில் சிதறிக் கிடக்கும் எங்கள் ஊர்ப் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். எல்லோருக்கும் முன்னமே தெரிந்த முடிவுகள்தான். ஆனாலும் அவர் வாயால் வந்தால்தான் ஊரில் அது நடந்ததாகக் கணக்கு.

மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு எலிஹியோ காற்று கொடுப்பதில்லை. பந்தைத் தவறவிட்டவன் தவறவிட்டவன்தான். "கண்ண எங்க வச்சிருந்தான்? பாக்கெட்லயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வளரும் பையன் எவனாவது தலையைக் கொடுத்தால் தொலைந்தான். துணி போர்த்தும்போதே தோளை அமுக்குவார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். வெட்டியது பாதியில் இருக்க, எழுந்து கதவு வரை ஓடி வரச் சொல்வார். அப்புறம் தாய் தகப்பன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். "கை இருக்கு. இடுப்பு மரக்கட்டை. முதல்ல டான்ஸ் ஆடக் கத்துக்கச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் பாதி பலிக்கவில்லை. ஒருவனைப் பார்த்து, உனக்கு ஆட்டம் வராது, பைக் வாங்கி சவாரி ஓட்டு என்றார். அவன் இப்போது பெரிய லீக்கில் ஆடுகிறான். எதிர்ச் சுவரில் சோடா விளம்பரத்தில் பல் தெரியச் சிரிக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் பைக் சவாரி ஓட்டும் கீகோவுக்கு வயிறு எரியும்.

"அவன பைக் ஓட்டுன்னீங்க, என்ன பெரிய லீக்னீங்க. ஆள மாத்திப் பாத்துட்டீங்க மாஸ்டர்."

"அவன் என் பேச்சக் கேக்கல, உருப்பட்டான். நீ கேட்ட. அதுக்கு நான் என்னடா பண்ண?"

ஆலை வாசலில் யானிகேகே என்ற மாவு அப்பம் பொரித்து விற்கும் நுரிஸ், தன் மகன் ஹைரோவை ஒரு காலத்தில் இந்த நாற்காலிக்குத்தான் கூட்டி வந்தாள். எலிஹியோ அவனுக்கு வெட்டி முடித்து, கழுத்தில் பவுடர் அடித்துவிட்டுச் சொன்னார்: "கை தங்கம். பொறும கெடையாது. வெளிய போற பந்தையெல்லாம் தொரத்தித் தொரத்தி மட்டைய வீசுவான். அதுலதான் கெடுவான்." நுரிஸ் மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அன்றோடு இந்தக் கடைக்கு அவள் யானிகேகே வருவது நின்றது. ஹைரோவுக்குப் பதினாறு வயதானதும் ஒரு கிளப் ஒப்பந்தம் போட்டது. தட்டு நிறையப் பொரித்து எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள் நுரிஸ். எலிஹியோவின் கடையை மட்டும் தாண்டிப் போனாள்.

அது அன்யேலோவின் கிளப்தான், ஆற்று நாரைகள் அணியை வைத்திருப்பதும் அதுதான்.

இந்த ஜூலையில் ஹைரோவை ஆற்று நாரைகளுக்கு அனுப்பினார்கள். அவனும் ஷார்ட்ஸ்டாப். மைதானத்தில் அந்த இடத்தில் ஒருவன்தான் நிற்க முடியும். செய்தியை வாசித்துவிட்டு எலிஹியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு ஷார்ட்ஸ்டாப்பு எதுக்கு மாஸ்டர்?" என்று கேட்ட கீகோ, கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வெயில் காலம்டா. ஒருத்தன் ஆடினா ஒருத்தன் ஓய்வு எடுக்க வேணாமா?"

அந்த வாரமே ஒரு சாயங்காலம், எல்லோர் கைபேசியிலும் அந்த ஒற்றை வரி வந்தது. ஆற்று நாரைகள் அன்யேலோவை அணியிலிருந்து விடுவித்தார்கள். அதே இரவு ஹைரோ அவன் இடத்தில் இறங்கினான்.

மறுநாள் காலையில் நான் போகும்போது கடை நிறைந்திருந்தது. அங்கிருந்த யாருக்கும் முடி வெட்ட வேண்டியிருக்கவில்லை. கீகோ அதற்கு முந்தின நாள்தான் வெட்டியிருந்தான். இன்னொரு முறை வெட்டச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எலிஹியோவும் ஒன்றும் கேட்காமல் இல்லாத முடியை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் அன்று சவரம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கன்னத்தில் நரையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பையன் வெள்ளிக்கெழம வர்றான்" என்றார், கீகோவின் உச்சந்தலையிடம். "ஏர்போர்ட்டுக்கு உன் பைக் வருமா? பெட்டி ரெண்டு இருக்கும்."

"நாலு பெட்டின்னாலும் ஏத்திருவேன் மாஸ்டர்."

"அவன எங்க வப்ப?"

"பெட்டி மேல."

யாரோ சிரித்தார்கள். எலிஹியோவும் கொஞ்சம் சிரித்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. விசிறி இரண்டு சுற்று தள்ளாடி நின்றது. எல்லோரும் வழக்கம்போல் மின்வாரியத்தைத் திட்டினார்கள். அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் திட்டினார்கள்.

எலிஹியோ கத்தரியை வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். கைபேசியைத் தள்ளிப் பிடித்தார். ஒவ்வொரு பையனாக வாசித்துக்கொண்டு வந்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஒருவனைக் கண் எங்கே என்றும் கேட்டார். நாரைகள் கடைசியில்தான் வரும். அங்கே என்ன வரப்போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஹைரோ நான்கு முறை மட்டை பிடித்ததில் மூன்று முறை பந்தைத் தொடக்கூட இல்லை. கைக்கு வந்த ஒரு சுலபமான பந்தைக் கால்களுக்கு நடுவே விட்டிருந்தான். நான் அப்பவே சொன்னேன் என்று ஆரம்பிக்க எலிஹியோவுக்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது. அவர் அப்படி ஆரம்பித்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. நுரிஸ். இடுப்பில் சமையல் துணி, முழங்கை வரை மாவு. நிலைப்படிக்கு வெளியேயே நின்றாள்.

"என் போன்ல பாக்கத் தைரியம் இல்ல எலிஹியோ. வர்றவன் போறவன் எல்லாம் என்னப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிறான். நீ படி. நீதான் மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளாச்சே. உள்ளத உள்ளபடி படி."

"உள்ள வா நுரிஸ்."

"வேணாம். படி."

எலிஹியோ திரையைப் பார்த்தார். "நாலு தடவ மட்ட புடிச்சான். அடி இல்ல."

"தொரத்தினானா?" அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய போற பந்தத் தொரத்தித் தொரத்தி வீசினானா? நீ அன்னிக்குச் சொன்ன மாதிரி?"

கீகோ துணிக்குள் தன் கைபேசியை இன்னும் ஆழமாகப் புதைத்தான். பந்தை மட்டையால் தொட்டால்தான் காற்று அதைப் பிடித்துத் தள்ள முடியும். தொடாத பந்துக்குக் காற்று என்ன செய்யும்? அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். நுரிஸுக்கும் தெரியும்.

எலிஹியோ கண்ணாடியைக் கழற்றினார்.

"பந்து கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான நுரிஸ் தொரத்த? நேத்து அங்க எதிர்க்காத்து. மண்ண வாரி மூஞ்சியில அடிச்சிருக்கு. புதுசா வந்த பையன், அவனுக்கு என்ன தெரியும்? அந்தக் காத்துல நிக்கறதுக்கே பழகணும். என் மவன் நாலு வருசம் நின்னான் அதுல." கண்ணாடியை மடித்தார். "நாலு வருசம் நின்னான். இவன் வந்து ஒரு ராத்திரிதான ஆச்சு? கை தங்கம் அவனுக்கு. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்ன." நுரிஸின் கண் அவரை விட்டு நகரவில்லை. "காத்தா?"

"இந்த ஊர்சுத்தியக் கேளு. அங்க போனவ."

"கடுங்காத்து அக்கா" என்றேன். "ஆளயே தள்ளும்."

"ஆமாக்கா, நானும் கேள்விப்பட்டேன்" என்றான் கீகோ, அதுவரை ஒரு நாளும் அந்தக் காற்றை நம்பாதவன்.

நுரிஸ் ஒரு காலை நிலைப்படிக்குள் எடுத்து வைத்தாள். "எவ்ளோ காத்து?"

கீகோவின் தோளில் முடி அதிகம் இல்லை. எலிஹியோ அங்கும் இங்கும் தடவி ஒரு சிட்டிகை சேர்த்தார். வழக்கம்போல் விசிறியின் முன்னால் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார். அது ஓடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் குனிந்து, அசையாத இறக்கைகளுக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு, நரைத்த கன்னம் இரண்டையும் உப்பி, விரல்களை விரித்து, பலம்கொண்ட மட்டும் ஊதினார். முடி பறந்துபோய், மாவு காயாத நுரிஸின் கையில் ஒட்டியது.