இடுப்புப் பிடிப்பும் என் வலக்காலும்

விளக்கெண்ணெய் தடவி வாட்டிய எருக்கிலையின் கைப்பு நெடி மூக்கில் ஏறினால், இன்றும் என் வலது குதிகால் தானாகவே தரையை விட்டு எழும்பிவிடுகிறது. தா.பழூருக்கு அருகே எங்கள் சிற்றூரில், யுத்தத்தால் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில், ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் முதலில் எருக்கிலை ஒத்தடம், அதற்கும் அடங்காவிட்டால் சூடான தவிட்டு மூட்டை, அதற்கும் அடங்காவிட்டால் நான். தலைக்குப் பதிலாகக் கால் முன்னே வெளிவந்து பிறந்த பிள்ளை மிதித்தால் ‘பிடிப்பு’ விட்டுவிடும் என்பது ஊரார் நம்பிக்கை. விடியலில் வெறும் வயிற்றோடு வந்து வாசலில் குப்புறப் படுப்பார்கள். நான் வலக்காலால் மிதித்து இறங்குவேன். கையில் ஒரு வெல்லக்கட்டி கிடைக்கும். ஏழு வயதில் அதைப் பெருமை என்றே எண்ணியிருந்தேன்.

ஒரு தை மாதம், நெல் அவித்த அண்டாவை இறக்கும்போது என் தாயாருக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் அப்போது கருவுற்றிருந்தார் என்பதையும், எனக்குப் பின் உண்டான இரு கருக்களும் செய்தி வெளியே பரவிய சில நாள்களிலேயே கலைந்துபோனமையால், இம்முறை வயிறு தானே காட்டிக்கொடுக்கும் வரை தந்தையாரிடம்கூட வாய் திறப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார் என்பதையும், நான் மணமாகிச் சூல்கொண்ட பின்னரே அவர் வாயால் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இலையும் தவிடும் பயன்படாமல் தாயார் சுவரைப் பற்றி நடந்தார் என்பதும், மிதிக்க மட்டும் விடவில்லை என்பதுமே.

தந்தையாரின் தமக்கை எங்களோடு இருந்தார். பேச்சில் அவரை வெல்ல எவராலும் இயலாது.

“ஊரான் முதுவையெல்லாம் மிதிக்குற காலு, பெத்தவளுக்கு ஒதவாதாடி?” என்றார் அத்தை.

“பெத்தவ மேல புள்ள காலு படக்கூடாதுங்க அண்ணி,” என்றார் தாயார்.

“மிதிச்சுட்டு ஒன் காலத் தொட்டுக் கும்புட்டாப் போச்சு. அந்தப் பாவம் எம்மேல வரட்டும்.”

எதிர்வீட்டுப் பெண்மணியும் சேர்ந்துகொண்டார்: “எருமையாட்டம் கெடந்த என்னையே எழுப்பி வுட்டுச்சு இந்தக் குட்டி. வெத்தலைக்கொடியாட்டம் இருந்துக்கிட்டு நீ ஏன்டி பயப்படுற?”

மறுநாள் விடியலில் தந்தையாரும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட, தாயாரைப் பாயில் படுக்க வைத்தார்கள். அவர் முழங்கைகளை ஊன்றி, வயிறு தரையில் படாதவாறு உடலை வளைத்துக் கிடந்ததை, வலியின் கோணல் என்றே அனைவரும் எண்ணினர். “ஒடம்பத் தளர்த்துடி,” என்று அத்தை அதட்டினார். என் பாதத்தில் எண்ணெய் பூசினார்கள். எத்தனையோ முதுகுகளில் ஏறியவளுக்கு, வெளுத்துப்போன அந்த முகத்தைக் கண்டதும், மிதித்தால் அம்மா ஒடிந்துவிடுவாள் என்று தோன்றிவிட்டது. காலைத் தூக்கிய கணத்தில், பக்கவாட்டில் நீண்ட தாயாரின் கை, நகம் பதியுமாறு என் கணுக்காலைப் பற்றியது.

“அழுவுடி. கால்ல முள்ளுன்னு சொல்லி அழுவு,” என்றார், காற்றைப் போன்ற குரலில்.

அழுவதற்கு எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. தந்தையார் என்னைத் தூக்கிச்சென்று வெளிச்சத்தில் வைத்து, எண்ணெய் வழுக்கும் பாதத்தில் இல்லாத முள்ளை நெடுநேரம் தேடினார். “உள்ளுக்குள்ள போயிடுச்சு போல,” என்றார். காயம்பட்ட கால் மிதிக்கலாகாது என்பது அவ்வைத்தியத்தின் விதி. அத்தையே அதை மீறத் துணியவில்லை.

அன்றிலிருந்து நான் நொண்டினேன். நொண்டுவதை நிறுத்தினால் அம்மாவுக்கு ஏதோ தீங்கு நேர்ந்துவிடும் என்ற அச்சத்தில், தனியே விளையாடும்போதும் நொண்டினேன். மாசி முடிவதற்குள், சேலைக்கு அடங்காத வயிற்றைக் கண்ட அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அடிப்பாவி, சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றவர், என்னை இழுத்து, என் வலக்காலைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். தம்பி தலை முன்னே வந்தே பிறந்தான். தாயாரின் இடுப்பு வலியோ இறுதிவரை முழுதாக நீங்கவில்லை.

அத்தம்பியும் இப்போது முதியவன். அவனுடைய இடுப்பு வலிக்கு அரியலூரில் மின்கருவியால் சிகிச்சை தருகிறார்கள். சென்ற மாதம் துணைக்குப் போயிருந்தேன்.

“எங்கக்கா காலால பொறந்தவங்கம்மா. ஒரு மிதி மிதிச்சா ஒங்க கரண்ட்டே வேணாம்,” என்று அவன் வேடிக்கை பேச, சிகிச்சை தரும் பெண், “அப்படின்னா என்னங்க பாட்டி?” என்று என்னைக் கேட்டாள்.

கால் முன்னே வரும் பிள்ளைகளை இப்போது முன்கூட்டியே படம்பிடித்து அறிந்து, பெரும்பாலும் வயிற்றைக் கீறி நலமாக எடுத்துவிடுகிறார்கள்; எங்களைப் போன்றோர் அருகிவிட்டோம்; அது நன்மையே. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், “குப்புறப் படுங்க தாத்தா,” என்றாள் அவள். தம்பி தயக்கமேதுமின்றிப் படுத்தான். அவன் வயிறு மெத்தையில் முழுதாக அழுந்தியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.