'அ' தெரியாத ஒன்றாம் வகுப்பு

எனக்கு முதன்முதலில் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. விஜயதசமியன்று தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அவர் எழுதிய 'அ' அவ்வளவு பெரிதாம், நெல் தரையெல்லாம் சிந்தியதாம். எழுதிய கையோடு மாமா சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டார். அக்கா மகளைக் கலெக்டராக்குவதில் தன் பங்கு முடிந்தது என்ற திருப்தி அவருக்கு. அந்த நெல்லைக் குத்தி நாங்கள் சோறாக்கிச் சாப்பிட்டும் விட்டோம்.

அடுத்த விடுமுறைக்கு அவர் வந்தபோது நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. வலங்கைமானுக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையில் இரண்டு அறை, ஒரு வேப்பமரம். அந்தச் சமயத்தில்தான் பாடம் நடத்தும் முறையே மாறியிருந்தது. பெஞ்சு கிடையாது, பாய்தான். எல்லோரும் சேர்ந்து கத்துவது கிடையாது, ஆளுக்கொரு அட்டை. சுவரில் ஏணிப் படம் ஒன்று தொங்கும். யார் எந்தப் படியில் நிற்கிறோமோ அந்தப் படிக்கான அட்டையை நாமே எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். சுவரைச் சுற்றிலும் எங்கள் இடுப்பு உயரத்துக்குக் கரும்பலகை. அதில் ஒரு கட்டம் எனக்கே எனக்கு, மேலே என் பெயர் எழுதியிருக்கும். எங்கள் குடும்பத்திலேயே அதுவரை தன் பெயரில் இடம் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான்.

அந்த ஏணியில் 'அ' முதல் படியில் இல்லை. ட, ப, ம என்று கோடு இழுக்கச் சுலபமான எழுத்துகள்தான் முதலில். மூன்றும் பழகிவிட்டால் அன்றைக்கே 'படம்' என்று ஒரு முழு வார்த்தையை வாசித்துவிடலாம். நான் வாசித்தேன். வாசித்ததோடு நின்றேனா? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நானே டீச்சராகிவிடுவேன். எனக்கு ஒரே ஒரு மாணவி, அம்மா. நடவு முடிந்து வந்து, கால் சேற்றைக் கழுவி, உலையை வைத்துவிட்டு, "சரிங்க டீச்சர், இன்னைக்கு என்ன பாடம்?" என்று எதிரில் சம்மணம் போட்டு உட்காருவாள். நான் அடுப்புக்கரியால் தரையில் எழுதிக் காட்டுவேன். அவள் 'ட'வைக்கூடக் கோணலாகப் போடுவாள். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நடித்தாலும் தப்பு தப்புதானே, தலையில் ஒரு குட்டும் வைப்பேன்.

மாமா வந்த அன்று வீடு நிறையக் கூட்டம். சென்ட் வாசனையும் சாக்லேட் டப்பாவுமாக நடுவில் உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "எங்க, மாமாவுக்கு அ ஆ இ ஈ சொல்லு பாப்போம்."

"அதெல்லாம் எனக்கு இன்னும் வரல மாமா. மேல் படியில இருக்கு" என்றேன் நான், விவரமாக.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. "என்னக்கா இது கூத்து? அ ஆ கூட சொல்லிக்குடுக்காம ஒரு பள்ளிக்கூடமா? நான் புடிச்சு எழுத வச்ச கையக்கா இது! வேன்ல போற புள்ளைங்கல்லாம் ஏ பி சி டி கடகடன்னு ஒப்பிக்குதுங்க. நாளைக்கே டி.சி. வாங்குறோம். ஃபீஸு என் பொறுப்பு."

தம்பி சொன்னால் அம்மாவுக்கு வேதவாக்கு. அன்று மட்டும் தயங்கினாள். "இருக்கட்டும்டா தம்பி. அவ நல்லாத்தான் படிக்கிறா."

"ஒனக்கு எப்படிக்கா தெரியும்?"

அம்மா சோற்றை வடிக்கப் போய்விட்டாள். வாயில் சாக்லேட்டோடு நான் ஓவென்று அழுதேன். என் கட்டத்தை வேறு எவளுக்காவது கொடுத்துவிடுவார்களே!

மறுநாள் காலை மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். டீச்சர் மாமாவைப் பாயில் உட்காரச் சொன்னார். இறுக்கமான ஜீன்ஸை வைத்துக்கொண்டு மாமா காலை மடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து வகுப்பே அட்டைகளைக் கீழே வைத்துவிட்டது.

"வரிசையா ஒப்பிக்கிறது பின்னால தானா வந்துடுங்க. இப்ப வாசிக்கிறாளான்னு மட்டும் பாருங்க" என்றார் டீச்சர்.

"அட்டையில இருக்குற படத்தப் பாத்துச் சொல்லுதுங்க டீச்சர். எங்களுக்குத் தெரியாதா?"

டீச்சருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் சிரித்துக்கொண்டே சாக்பீஸை நீட்டினார். "அப்படின்னா படமே இல்லாம நீங்களே ஒண்ணு எழுதுங்க. ட, ப, ம தெரியும். புள்ளி வச்ச எழுத்து தெரியும். போன வாரம் துணைக்காலும் முடிச்சுட்டா. அதுக்குள்ள எது வேணும்னாலும் எழுதுங்க. அவ வாசிக்கலன்னா டி.சி. தர்றேன்."

மாமா என் கட்டத்தின் முன்னால் குனிந்தார். அடுத்தவர் வயலிலேயே வேலை செய்து பழகிய எங்கள் குடும்பம் முதன்முதலாக ஒரு துண்டு வயல் வாங்கியிருந்த நேரம் அது. சிங்கப்பூர் சம்பாத்தியம். அதற்குப் பட்டா மாற்றத்தான் மாமா வந்திருந்தார். தூக்கத்தில்கூட அதே நினைப்பாக இருந்திருக்கும். கை தானாக எழுதிவிட்டது: பட்டா.

எந்த அட்டையிலும் இல்லாத வார்த்தை. நான் 'ப'வைப் பார்த்தேன். பிறகு புள்ளி வைத்த 'ட்'டைப் பார்த்தேன். உதட்டை ஒட்டிப் பிரித்தேன். வந்துகொண்டே இருந்தது, சத்தியமாக வந்துகொண்டே இருந்தது.

"பட்டா."

சொன்னது நான் இல்லை. எனக்குப் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு இன்னொரு தரம் சொன்னாள். "ப... ட்... டா. பட்டாடா தம்பி! நம்ம வயலு பட்டா."

மாமா திரும்பிப் பார்த்தார். "அக்கா... என்னை இடுப்புல தூக்கி வச்சிருந்ததுலதான நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே போவல. ஒனக்கு யாருக்கா சொல்லிக்குடுத்தா?"

"வேற யாரு? இவதான். குட்டிக் குட்டிச் சொல்லிக்குடுக்குறா. இவள வேன்ல ஏத்தி அனுப்பிட்டன்னா நான் யாருகிட்டடா படிப்பேன்?"

மாமா சாக்பீஸை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டி.சி. பேச்சு அதோடு முடிந்தது. நான் அஞ்சாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். அம்மாவும் வீட்டிலிருந்தபடியே என்னோடு ஏணி ஏறினாள். இன்றைக்கு வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் போர்டு பார்த்து ஏறுகிறாள். தினமும் பேப்பர் வாசித்துவிட்டு எனக்கே போனில் ஊர் நியாயம் பேசுகிறாள். அந்தப் பெருமையில் பாதி என்னுடையது. விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது பெருமை இல்லை, ஆத்திரம். "டீச்சர்! என் முறையில அம்மா சொல்லிட்டாங்க டீச்சர்! இது என் கட்டம்!" என்று காலை உதைத்து அழுதேன். அடுத்தவர் முறையில் முந்திக்கொண்டு பதில் சொன்னால் பாயின் கடைசியில் போய் உட்கார வேண்டும் என்பது எங்கள் வகுப்புச் சட்டம். சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே?

"ஆமாம்மா, தப்புதான். போய் உக்காருங்க" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வகுப்பின் நடுவே நடந்துபோய், பாயின் கடைசியில் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தண்டனை வாங்கிய ஆளுக்கு முகத்தில் ஏன் அத்தனை சிரிப்பு என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.