பூண்டு வாசனை

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சமயம், அமெரிக்காவிலிருந்த என் கணவரின் தம்பி செலினியம் மாத்திரைப் புட்டிகளை அனுப்பிவைத்தார். புற்றுநோயைத் தடுக்கும் தாது என்று எங்கோ படித்தாராம். தினம் ஒன்று போதும் என்று புட்டியிலேயே போட்டிருந்தது. என் மாமியார் அதைப் பெருமாள் முன்னால் வைத்து, தீர்த்தத்தோடு வேளைக்கு இரண்டாகக் கொடுத்தார். பெருமாளுக்குக் காட்டியதை யாராவது வேண்டாம் என்பார்களா? டாக்டரிடமும் யாரும் சொல்லவில்லை. பிரசாதம் மருந்தில்லையே!

நகங்கள் உடைந்தன, ஊசியால் என்று நினைத்தோம். பிறகு என் வாயிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது.

“பூண்டு தின்னயாடி? எவ கொடுத்தா உனக்கு?” என்றார் மாமியார்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் படியைப் பூண்டு மிதித்ததே கிடையாது. ஆயுளில் அதைத் தொடாதவருக்கு வாடை மட்டும் எப்படி அத்துப்படியோ! “சத்தியமா இல்லேம்மா” என்றேன். என் தட்டு தனியாகப் போனது. தளிகை பண்ணும் அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது என்றார். என் கணவர் குனிந்து என் மூச்சை முகர்ந்து பார்த்துவிட்டு, பேப்பரைப் பிரித்தார். கட்டி என்று சொன்னபோது அழாதவள் அன்று அழுதேன். மாத்திரை மட்டும் தவறாமல் நான் படுத்திருந்த இடத்துக்கே வந்தது.

அடுத்த ஊசிக்குப் போனபோது, என்னைச் சோதித்த டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். “முடி கொட்டறது எங்க மருந்தாலம்மா. இந்த வாசனை அதால வராதே. வேற என்ன சாப்பிடறீங்க?”

சொன்னேன். அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். “செலினியம் உடம்புக்குத் துளியூண்டு போதும் சார். மிஞ்சினா விஷம். மூச்சுல பூண்டு வாசனை வரும், நகம் உடையும். உடனே நிறுத்துங்க.”

இவர் தலையாட்டினார். அது ஒன்றுதான் அவருக்கு நன்றாக வரும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். மாமியார் கேட்டுக்கொண்டார். மாத்திரை நின்றது. வாடை மெல்லப் போனது. நகம் முளைத்தது. ஊசிகளும் முடிந்து, கட்டி இல்லை என்றார்கள். ஒரு நாள் காலையில் மாமியார் “வந்து தளிகை பண்ணு” என்றார், நடுவில் எதுவுமே நடக்காததுபோல.

அன்றைக்கு அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. நான் அடுப்பருகே நின்றிருந்தேன்.

“நீ அனுப்பின மாத்திரைதாண்டா அவளைப் பிழைக்க வெச்சுது,” என்று மாமியார் உரக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பூண்டையும் விட்டுட்டா.”