சிவப்புக் குடையோடு ஜியாகரபி மிஸ்

என் மேசை இழுப்பறையில், முடி கொட்டிய தூரிகைகளுக்கும் பழைய மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே, ஒரு ஸ்லைடு கிடக்கிறது. இரண்டு அங்குல அட்டைச் சட்டத்துக்குள் ஒரு துண்டு ஃபிலிம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பனி கொட்டிக் கிடக்கும் ஒரு ஜப்பானியத் தெரு தெரியும். கடைவாசல்களில் காகித விளக்குகள். தெருக்கோடியில் சிவப்புக் குடை பிடித்த ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள். முகம் தெரியாது. ஆனால் மயிலாப்பூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேருக்கு அது யார் என்று தெரியும். அது எங்கள் ஜியாகரபி மிஸ்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அந்தப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். வயது இருபத்தேழு. அபிராமபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். என்னைப் பெரிய ஓவியனாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் வரைந்த மாங்காய்க்கும் குடத்துக்கும் மார்க் போடுவது என் தலையெழுத்தா என்ற எரிச்சலோடுதான் தினமும் சைக்கிளை மிதித்தேன். அங்கே என்னை மதித்துப் பேசிய ஒரே ஆள் ஜியாகரபி மிஸ். நாற்பத்தைந்து வயதிருக்கும். கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் சொந்த வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அதில் அவர் மட்டும்தான். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் மாமியாரையும் சேலைக் கடையையும் அலசிக்கொண்டிருக்கும்போது, இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டு முடித்து, டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஸ்டோர் ரூமில் உறையோடு தூங்கிக்கொண்டிருந்த ஸ்லைடு புரொஜக்டரை அவர்தான் தூசி தட்டி எடுத்தார். "மழைக்காடுன்னா என்னன்னு கேட்டா மூணு வரி ஒப்பிக்கறதுகள் சார். அங்க இருக்கறவா என்ன முகமூடி போட்டுண்டு ஆடுவா, எதுக்குப் பாடுவான்னு காமிச்சா ஜன்மத்துக்கும் மறக்காது" என்றார். படத்துக்கு எங்கே போவது? லஸ் முனை நடைபாதைக் கடையில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகள் எடைக்குக் கிடைத்தன. என்னிடம் ஒரு கேமரா இருந்தது. பத்திரிகைப் பக்கத்தை டிராயிங் போர்டில் விரித்து, மேலே ஒரு கண்ணாடியை வைத்து, பள்ளியின் மொட்டை மாடியில் பத்து மணி வெயிலில் ஸ்லைடு ஃபிலிமில் படமெடுப்பேன். காற்றடித்தால் மிஸ் நான்கு மூலையையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார். "இன்னா சார், புக்கை வெயில்ல காய வச்சிக்கினு கீறீங்க, வடாமா அது?" என்று பள்ளி ஆயா சிரிக்கும். சுருளை தி. நகர் ஸ்டூடியோவில் கொடுத்தால் ஒரு வாரத்தில் சட்டம் போட்டு வந்துவிடும்.

பாட்டுக்கு அவரே வழி வைத்திருந்தார். வீட்டில் சிற்றலை ரேடியோவின் முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து, எந்த நாட்டு நிலையம் கிடைத்தாலும் பதிந்துகொண்டு வருவார். ஆப்பிரிக்கப் பறை அதிர்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் அவர் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். நானும் சிரித்தவன்தான். அத்தனை கேசட்டுகளிலும் குக்கர் சத்தம் இருந்தது, குழாய் சொட்டியது, அவர் இருமியது இருந்தது. "யாரு வந்திருக்கா?" என்று கேட்கிற இன்னொரு மனிதக் குரல் மட்டும் ஒன்றில்கூட இல்லை. அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

வகுப்பு ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருப்போம். நான் பின்னால் புரொஜக்டரோடு நிற்பேன். மிஸ் டஸ்டரால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் அடுத்த படம். ஒருநாள் இந்தப் பனித்தெரு திரையில் வந்தபோது இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண், "மிஸ், நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். தட்ட ஓங்கிய டஸ்டர் கீழே இறங்கியது. பிறகு, "போயிருக்கேன்" என்றார் மிஸ். இன்னொருத்தி உடனே, "அந்தக் குடை பிடிச்சிருக்கறது நீங்களா மிஸ்?" என்றாள். "ஆமாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தாம்பரத்தைத் தாண்டியிருப்பாரா என்பதே சந்தேகம்.

அன்று வகுப்பு முடிந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருத்தி, "மிஸ், இதுல நீங்க எங்க?" என்று கேட்கத் தொடங்கினாள். பொம்மலாட்டத் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், திருவிழாத் தெருவில், முதுகு மட்டும் தெரியும் ஏதோ ஒரு பெண்ணை அவர் டஸ்டரால் காட்டுவார். அன்றைக்கு எப்படிக் குளிரடித்தது, பக்கத்தில் உட்கார்ந்த கிழவி என்ன தின்னக் கொடுத்தாள், பாட்டு நின்றதும் ஊரே எப்படி அமைதியானது என்று சொல்வார். அந்தக் குரலை நான் ஸ்டாஃப் ரூமில் ஒருநாளும் கேட்டதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நடைபாதைக் கடையில் குந்திக்கொண்டு, முதுகு காட்டி நிற்கும் பெண் உள்ள படங்களாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தேன். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

அந்த வருட ஆண்டுவிழாக் கண்காட்சியில் எங்களுக்கும் ஓர் அறை கொடுத்தார்கள். பெற்றோர் கூட்டம் அலைமோதியது. ஒரு மாணவியின் அப்பா, கப்பலில் வேலை பார்ப்பவர், பனித்தெருவைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மேடம், நீங்களே நேர்ல போய் எடுத்ததாமே! எம்பொண்ணு சொல்லிச்சு. பிரமாதம்!" சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். வெயிலில் நின்று கண் எரிய எடுத்தவன் நான். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"மேடம் எங்கயும் போகல சார். லஸ்ல வாங்கின பழைய புக்கை மொட்டை மாடியில வச்சு நான்தான் எடுத்தேன்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது, ஆனால் வார்த்தையை அள்ள முடியுமா? பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கப்பல்காரர், "ஓ" என்றார். மிஸ் நிமிரவில்லை. டஸ்டரை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். நான் அடுத்த படத்தைத் தள்ளினேன்.

மறு வாரம் வகுப்பில் அதே பனித்தெரு வந்தது. ஒருத்தியும் கேட்கவில்லை. மிஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். புரொஜக்டரின் விசிறிச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தட்டினார். மூன்று வாரம் அப்படிப் போனது. நான்காம் வாரம் கறுப்புத் துணிகளை மடித்துக் கொடுத்துவிட்டு, "பாடம் நிறைய பாக்கி இருக்கு சார், போர்டுலயே நடத்திடறேன்" என்றார். வருட முடிவில் வேலையை விட்டார். பெங்களூரில் அண்ணன் மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பின்னால் ஆயா சொன்னது. கடைசி நாள் ஸ்லைடுப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, "நன்னா எடுத்திருந்தேள்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் ஊரில் இருந்தபோதே மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு குளத்துத் தெரு வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் தடவை போனபோது வீட்டில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள்.

போன மாதம் பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடையின்போது, காதோரம் நரைத்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள். அந்தக் கப்பல்காரரின் மகள். டிராயிங் மாஸ்டர்தானே என்று கேட்டு, பேச்சு தானாக மிஸ்ஸிடம் வந்து நின்றது. இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை அவளிடம் கொட்டினேன். உங்களிடமிருந்து மிஸ்ஸைப் பறித்தவன் நான்தான் அம்மா, அவர் சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தீர்கள் என்றேன்.

"நாங்க எங்க சார் நம்பினோம்?" என்றாள் சாதாரணமாக. "அந்தப் பனிப் படத்து நடுவுல மடிப்புக் கோடும், மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பத்திரிகை பின்னும் தெரியுமே. மொத நாளே தெரியும்."

"பிறகு ஏன் வாராவாரம் கேட்டீங்க?"

"அவங்க வீட்ல பேசறதுக்கு ஆளே இல்லைன்னு எங்கம்மா சொல்லுவாங்க. கேட்டா மிஸ் அவ்ளோ பேசுவாங்க இல்ல சார்? அதான். இந்த வாரம் யார் கேக்கணும்னு டர்ன் போட்டு வச்சிருந்தோம். எங்கப்பாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சேன்." காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். "நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னப்புறம் கேட்டா கிண்டல் பண்ற மாதிரி ஆயிடும். அதனால விட்டுட்டோம்."

நான் இப்போது தரமணியில் இருக்கிறேன். மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. பறக்கும் ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும், அதுதான் வீட்டில் கேட்கும் சத்தம். கடற்கரையிலிருந்து வந்ததும் இழுப்பறையைத் திறந்து ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இருந்தது. வானத்தில் ஒரு பின், பனியில் ஒரு பின், துருப்பிடித்து, நன்றாகவே தெரிந்தது. எடுத்தவன் நான், முப்பது வருடம் வைத்திருந்தவன் நான், குடையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் பார்த்துவிட்டு, முறை போட்டுக் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவன் என்று பின்னால் நின்றிருந்த நான் ஒரு வாரம்கூடக் கேட்டதில்லை.

மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஸ்லைடைக் கீழே வைக்காமல், "மிஸ், இதுல நீங்க எங்க?" என்று கேட்டேன்.