பிளக்கில் வைத்த சிவப்புப் புள்ளி

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறேன். இன்னொரு நாள் தாமதமானால் வேறு வண்டி வைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

காலையில் இஞ்சினைச் சூடாக்கிக் கிளப்பும் ஹீட்டர் பிளக்குகள் அடிக்கடி எரிந்துபோயின. மெக்கானிக் தாஸ் புதியதை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டுகிறார் என்று சந்தேகப்பட்டேன். கேட்க வாய் வரவில்லை. அடுத்த முறை நானே பிளக் வாங்கி, மாற்றினால் தெரியட்டும் என்று மகளின் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

அவையும் எரிந்துபோயின. தாஸ் கழற்றியபோது புள்ளிகள் அப்படியே இருந்தன.

“இன்னாண்ணே, பிளக்குக்குக் கல்யாணமா? நகப்பூச்சுலாம் வெச்சுக்கீறே.”

வேறு பிளக்குகளை மாட்டி என்னைக் கிளப்பச் சொன்னார். பிறகு சோதனை பல்பை பிளக்குக்குப் போகும் ஒயரில் வைத்தார். பல்பு எரிந்தது.

“வண்டி ஓடிக்கினு இருக்கும்போது இங்க கரண்டு வரக்கூடாதுண்ணே.”

ஒயரைத் தொடர்ந்து போனார். அது என் சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்சில் முடிந்தது. சீக்கிரம் கிளம்பட்டும் என்று, பிளக்குக்கு நேராகக் கரண்டு போக, எளாவூரில் வேறொரு கடையில் நான் வைத்துக்கொண்ட சுவிட்ச். அவசரத்தில் அணைக்க மறந்துவிடுவேன். அவரிடம் சொன்னதும் இல்லை.

“அப்போ அந்தப் புள்ளி எனக்கா?” என்றார். தலை குனிந்தேன்.

இப்போது வேன் உடனே கிளம்புகிறது. தாஸ் மட்டும் எந்தச் சாமானையும் என் கண்முன்னே பிரித்துக் காட்டிவிட்டுத்தான் மாட்டுகிறார். காட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.